ஆறு வருஷ டிவி, பத்தொன்பது நாள் ரேடியோ

காட்பாடியில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். 2025 செப்டம்பர் 22-லிருந்து 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்துவிட்டதே, வாங்கிவிடலாமா, உங்கள் வீட்டு 43 இஞ்ச் எப்படி உழைக்கிறது என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கூடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் அலறியது. எழுதியே அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

2019 தீபாவளிக்கு வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகும் குறை ஒல்லியான டிவிகளில் பாதிக்கு மேல் உண்டு. 4கே, ஸ்மார்ட் எல்லாம் அட்டைப்பெட்டி மேலேயே போட்டிருக்கும். படத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆறு வருஷமாக நான் புலம்புவது சத்தத்தைப் பற்றி.

ஸ்பீக்கர் இரண்டும் அடிப்பக்கத்தில் தரையைப் பார்த்து இருக்கின்றன. டிவி பேசுவது நம்மிடம் இல்லை, கீழே இருக்கும் ஷோகேஸிடம். சீரியலுக்கு வால்யூம் 14 போதும். ஓடிடியில் ஒரு படம் போட்டால் 32 வைத்தாலும் கதாநாயகன் முணுமுணுக்கிறான், ஆனால் கார் கதவைச் சாத்தினால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அந்த 32-ஐ மறந்துபோய் கேபிளுக்குத் திரும்பினால் வேலப்பாடி தெருமுனை வரைக்கும் விளம்பரம் கேட்கும். அந்தப் படங்களின் ஒலியை 5.1, அதாவது அறையைச் சுற்றி வைக்கும் ஆறு ஸ்பீக்கர்களுக்கென்று அமைக்கிறார்கள். வசனம் முக்கால்வாசி நடு ஸ்பீக்கரில் வரவேண்டியது. நம் டிவியில் நடு ஏது? இருக்கிற இரண்டில் எல்லாவற்றையும் கலந்து ஊற்றும்போது வசனம் அடியில் போய்விடுகிறது. ஆப்பில் ஆடியோ என்ற இடத்துக்குப் போய் 5.1-ஐ எடுத்துவிட்டு ஸ்டீரியோ வைத்தால் 24-லேயே பேச்சு புரியும். இதை என் பையன் கண்டுபிடிக்க நாலு வருஷம் ஆனது. விற்றவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

2006 தேர்தலுக்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச கலர் டிவி எங்கள் வீட்டிலும் இருந்தது. 14 இஞ்ச்தான், ஆனால் ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே. நைனா அதில் செய்தி கேட்டுக்கொண்டே வாசலில் ஷேவ் செய்வார், ஒரு வரி தப்பாது.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். ஆகஸ்டில் ஒரு ராத்திரி, சீரியல் நடுவில் படம் பொசுக்கென்று போனது. திரை கறுப்பு, பேச்சு மட்டும் ஓடுகிறது. மருமகள் அழுகிறாள், மாமியார் திட்டுகிறாள், ஆளைத்தான் காணோம். சர்வீஸ் சென்டரில் இருந்து வந்தவர் டிவியைக் கழற்றக்கூட இல்லை. பேனல் மாற்றணும், 19,500 ஆகும் என்றார். வாங்கிய விலையே 31,000. கொசப்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், வந்ததும் லைட்டை அணைக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தார். பேய்ப்படம் மாதிரி மங்கலாக மாமியார் தெரிந்தாள்! "பேனல் நல்லாக்கீது சார். பின்னாடி லைட்டுதான் போயிருக்கு."

பேனலுக்குப் பின்னால் எல்இடி பட்டைகள். கோவில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் லைட் மாதிரி வரிசையாகக் கோத்திருப்பார்கள், ஒன்று போனால் அந்த வரிசையே போகும். ஆறு வருஷமாக பேக்லைட்டை 100-லேயே வைத்திருந்தது எங்கள் தப்பு. கடையில் கண்ணைப் பறிக்கட்டும் என்று வைத்த அளவை வீட்டிலும் அப்படியே விட்டுவிட்டோம். அதோடு வேலூர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், டிவி மாட்டியிருக்கிற மேற்குச் சுவரைச் சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். பட்டை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து வரணும், எங்கள் மாடலுக்குச் சரியான அளவு கிடைக்கணும். பத்தொன்பது நாள் ஆனது.

அந்தப் பத்தொன்பது நாளுக்குப் பழைய மானிட்டர் ஒன்றை இரவல் வாங்கி வரட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். "இன்னாத்துக்குடா? மூஞ்சி தெரிலன்னா இன்னா, எல்லாரையும் எனக்குத் தெரியாதா? பேசறது கேக்குது இல்ல, உடு" என்றார்.

விட்டேன். ஒரு தொல்லை மட்டும். இந்த டிவி போட்டவுடன் சேனலுக்குப் போகாது, ஆப்புகளை அடுக்கிவைத்த அதன் சொந்தக் கடைவீதியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத கடைவீதியில் கேபிளுக்கு எப்படி வழி கண்டுபிடிப்பது? பையன் டார்ச் அடித்துப் பார்த்து, "இன்புட் ஒரு தடவை, கீழே ரெண்டு, ஓகே" என்று காலண்டர் அட்டையில் எழுதி ஒட்டினான். எழுபத்து மூன்று வயசில் அம்மா இருட்டில் ரிமோட் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. சாயங்காலத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் அரிந்தபடி சீரியல் கேட்கிறார். அந்தக் காயின் காம்பு முள்ளைப் பார்த்துத்தான் பிடிக்கணும், கண்ணை எடுத்தால் விரலில் ஏறும். யோசித்துப் பார்த்தால், படம் இருந்த காலத்திலும் அவர் கண் காயில்தான் இருந்திருக்கிறது. சின்ன வயசில் இலங்கை வானொலியும் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரமும் கேட்டு வளர்ந்தவர். ஒரு முழுப் படத்தை வசனத்திலேயே பார்த்து முடிக்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டு.

நானும் கூட உட்கார்ந்தேன். சீரியல்காரர்களை இதுவரை நக்கல் அடித்துக்கொண்டிருந்தவன், அவர்கள் அடுப்படிக்காகவே எழுதுகிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. யார் உள்ளே வந்தாலும் ஒருவர் பெயர் சொல்லி அல்லது முறை சொல்லிக் கூப்பிடுகிறார். நேற்று நடந்ததை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குச் சொல்கிறது. அந்த மூன்று இடி வந்தால் யாரோ யாரையோ முறைக்கிறார்கள் என்று அர்த்தம். தாளிக்கப் போய்விட்டு வந்தாலும் கதை விட்ட இடத்திலேயே நிற்கும்.

யூடியூபில் 'மெட்டி ஒலி' போட்டுப் பார்த்தோம், பார்த்தோம் என்றா சொல்வது, கேட்டோம். 2002-லிருந்து 2005 வரை சன் டிவியில் ஓடியது, திருமுருகன் இயக்கியது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் குரல் ஒன்று போதும், வீடு முழுக்கத் தெரிகிறது. அந்தக் காலத்தில் கரண்ட் போனால் அம்மா குடியாத்தம் அத்தைக்குப் போன் போட்டு மீதிக் கதை கேட்பார். அத்தை நடிகர்களை விட நன்றாகச் சொல்வார் என்பது தனிக் கதை.

'நீயா நானா' ஒரு குறையும் இல்லை, முதலிலிருந்தே அது கண்ணுக்கான நிகழ்ச்சி இல்லை. சமையல் நிகழ்ச்சிதான் மோசம். "இந்தளவு போட்டுக்கங்க, இந்தப் பதம் வந்ததும் எடுத்துடுங்க." எந்தளவு, எந்தப் பதம்? கிரிக்கெட்டும் தேறாது. டிவி வர்ணனையாளர் பந்து எங்கே போனது என்று சொல்வதில்லை, நமக்குத் தெரியும் என்று நினைத்துத் தன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மொட்டை மாடியில் செல்போனில் பார்த்தேன்.

ஒரு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு 'மர்மதேசம்' விடாது கருப்பு போட்டேன். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், தொண்ணூறுகளில் பார்த்தது. பார்த்தபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. கறுப்புத் திரை, அதற்குள்ளிருந்து குதிரைக் குளம்புச் சத்தம். ஸ்பீக்கர் தரையைப் பார்த்து இருக்கிறது என்று ஆறு வருஷம் திட்டினேனே, அன்றைக்குச் சத்தம் ஷோகேஸில் பட்டு, தரையில் ஓடி, என் கால் பக்கம் வந்தது. இரண்டு எபிசோடுக்கு மேல் முடியவில்லை, எழுந்து லைட் போட்டேன். ஐம்பதாயிரம் கொடுத்தாலும் எந்த சவுண்ட்பாரிலும் இது கிடைக்காது என்று அந்த நிமிஷம் சத்தியம் செய்திருப்பேன்.

பட்டை வந்தது. மெக்கானிக்கும் அவர் தம்பியும் கூடத்தில் பாய் விரித்து, பேனலைக் கண்ணாடித் தட்டு மாதிரி தூக்கி வைத்து, மூன்று மணி நேரத்தில் முடித்தார்கள். உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடந்தது, அதற்கும் பழுதுக்கும் சம்பந்தம் இல்லையாம். பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து 2,800 ரூபாய். 19,500 சொன்னவரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பேக்லைட்டை 45-ல் வைத்துவிட்டுப் போனார்கள். பகலில் கொஞ்சம் மங்கல், ராத்திரி கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததா? பத்தே நாளில் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் தானாக ஏறியது. கடைவீதி இன்னும் பெரிதாகிவிட்டது, கேபிள் இருந்த வரிசை மாறிவிட்டது. "கீழே ரெண்டு" இப்போது ஏதோ காசு கட்டுகிற ஆப்புக்குப் போகிறது. அட்டையைப் பார்த்துப் பார்த்து அம்மா அமுக்குகிறார், வேறு ஏதோ வருகிறது. படம் இல்லாதபோது ஓட்டியவருக்கு, படம் வந்த பிறகு ஓட்ட முடியவில்லை. பழைய வரிசைக்குத் திரும்ப வழியும் இல்லை.

ஆகையால் நண்பரே, இதே கம்பெனி டிவி வாங்காதீர்கள். ஆறு வருஷத்தில் 2,800 ரூபாய்தான் செலவு வைத்தது, அம்மாவை ஒரு நாள்கூட ஏங்க விடவில்லை, படம் இன்னும் புதுசு மாதிரி. இருந்தாலும் வாங்காதீர்கள். இன்றைக்கு எனக்குக் கோபம். அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

கடைக்குப் போனால் அவன் ஓட்டிக் காட்டும் கிளி, அருவி வீடியோவைப் பார்த்து நிற்காதீர்கள். ஒரு செய்திச் சேனல் வைக்கச் சொல்லி, திரைக்கு முதுகைக் காட்டி இரண்டு நிமிஷம் கேளுங்கள். ஸ்விட்ச் போட்டதும் நேரே சேனலுக்குப் போக செட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேக்லைட்டைக் குறையுங்கள். மெக்கானிக் நம்பர் வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், தருகிறேன்.