பழைய பந்து, மட்டை, இறகு: புதுச்சேரிக் காற்றில் எந்தப் பசை நிற்கும்?

ஆடித் தேய்ந்த விளையாட்டுச் சாமான்களை வைத்துச் சுவர்ச் சட்டமோ சிற்பமோ செய்ய நினைப்பவர்களுக்கு இங்கே பொருளுக்குப் பஞ்சம் இல்லை. மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் தேடலாம். உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்திலோ கடலூர் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்திலோ பயிற்சிக்கு வருபவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். சிக்கல் ஒட்டுவதில்தான். சித்திரையில் கெட்டியாக நின்றது ஐப்பசி மழையில் கழன்று விழுகிறது. அதனால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற நான்கு வகைப் பசைகளை இந்த ஒரு வேலைக்காக மட்டும் எடைபோடுகிறோம்: வெள்ளை ஃபெவிகால், ஃபெவிகால் எஸ்.ஆர். 998, ஸ்டாண்டர்ட் அரால்டைட், ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எஸ்.ஆர். வாங்குங்கள். இரண்டு என்றால் கூடவே அரால்டைட். ஆனால் எதை வாங்கினாலும், ஒட்டப்போகும் பரப்பில் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று பார்க்காமல் மூடியைத் திறக்காதீர்கள். விளையாட்டுச் சாமான் எதுவும் வெறும் மரமாகவோ வெறும் தோலாகவோ இருப்பதில்லை. கிரிக்கெட் மட்டையில் லின்சீடு ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) ஊறியிருக்கும், கிரிக்கெட் பந்தின் தோலில் மெழுகு இருக்கும், கேரம் போர்டின் நுண்துளைகளில் போரிக் பவுடர் அடைந்திருக்கும். பசை பிடித்துக்கொள்வது இந்த மேல்பூச்சைத்தான். பூச்சு உரியும்போது அதோடு சேர்ந்து பசையும் வந்துவிடுகிறது. பழி மட்டும் பசையின் மேல் விழுகிறது.

மட்டையில் ஒட்டும் இடத்தை 80 எண் உப்புத்தாளால் வெளிர் மரம் தெரியும்வரை தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அரை மணி நேரம் காயவிட வேண்டும். லின்சீடு ஆயில் படிந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடாகும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும். கேரம் போர்டுக்கு ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தாலே போதும், போரிக் பவுடர் தண்ணீரில் கரைந்து வந்துவிடும்.

இனி எஸ்.ஆர். இது செயற்கை ரப்பர் பசை. தோல், ரப்பர், டென்னிஸ் பந்தின் கம்பளி, பிளைவுட் எல்லாவற்றிலும் பிடிக்கிறது. காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கிறது. வெயிலில் விரிந்து மழையில் உப்பும் பொருள்களுக்கு அந்த வளைவு மிக முக்கியம். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் விட்டு, விரல் வைத்தால் ஒட்டாத பதத்தில் அழுத்த வேண்டும். பொறுமையில்லாமல் ஈரமாக ஒட்டினால் உள்ளே கரைப்பான் சிக்கி, நாள் கழித்துக் கொப்புளம் விடும். கடலோரத்தில் இன்னொரு தொல்லை: கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. பார்த்தால் பால் படர்ந்தது போல் மங்கலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அழுத்தாதீர்கள், பிடிக்காது. காயவிட்டு மறுபடி ஒரு பூச்சுக் கொடுங்கள். காலை 11 மணிக்கு மேல் மாலை 4 மணிக்குள், ஜன்னல் திறந்த அறையில், அடுப்போ விளக்கோ பக்கத்தில் இல்லாமல் வேலை செய்வது நல்லது.

எஸ்.ஆர். தோற்கும் இடங்களும் உண்டு. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோலில் பட்டால் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும். மலிவான பி.வி.சி. கால்பந்துத் தோலில் முதலில் நன்றாகப் பிடிக்கும், பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப்பொருள் மெல்ல மெல்லக் கசிந்து பசையைக் கூழாக்கும். 32 துண்டுக் கால்பந்தைப் பிரித்து எதையாவது செய்கிறீர்கள் என்றால் தையல்தான் சரி, பழைய ஊசித்துளைகளே இருக்கின்றன. கனடாக் கலைஞர் பிரையன் ஜங்கன் நைக்கி ஏர் ஜோர்டான் காலணிகளைப் பிரித்து முகமூடிகளாக்கிய வரிசையில் தையல் வெளியே தெரியும்படியே விடப்பட்டிருக்கிறது. அது அழகாகவும் இருக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது.

டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்துப் பலகையில் வரிசையாக ஒட்டும் வேலையை இங்கே பலரும் முதலில் எடுக்கிறார்கள். அது விழுவதற்குக் காரணம் பசை அல்ல. அரைப்பந்தின் விளிம்பு சில மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த வளையம் மட்டுமே பலகையைத் தொடுகிறது. பந்தின் உள்வட்டத்துக்கு இறுக்கமாகப் பொருந்தும் பிளைவுட் வில்லையை வெட்டி, முதலில் பலகையில் ஸ்க்ரூ போட்டு, அதன் ஓரத்திலும் பந்தின் உட்புறத்திலும் எஸ்.ஆர். தடவி மாட்டினால் ஆட்டிப் பார்த்தாலும் அசையாது. அறுக்கும் முன் ஊசியால் குத்திக் காற்றை விட்டுவிடுங்கள். புதுப்பந்தில் உள்ளழுத்தம் இருக்கும், பிளேடு வழுக்கும்.

அரால்டைட், கனமான சாமானுக்கும் உலோகத்துக்கும். அதன் இரண்டு பாகங்களான பிசினும் ஹார்டனரும் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை குழைக்க வேண்டும். ஹார்டனர் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது தவறான நம்பிக்கை. கலவை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். முழு பலம் வர ஒரு நாள் விட வேண்டும். புதுச்சேரியில் ஆடும் பெத்தாங் என்ற பிரெஞ்சுக் குண்டெறி ஆட்டத்தின் இரும்புக் குண்டுகளுக்கு இதுதான் பசை, ஆனால் இது மட்டும் போதாது. ஒரு குண்டு 650 முதல் 800 கிராம் வரை இருக்கும். கிடைத்தளத்தில் உட்காரவைக்க, துருவை உப்புத்தாளால் எடுத்த அன்றே அரால்டைட் போட்டு ஒட்டினால் போதும். மறுநாள் வரை விட்டால் உப்புக்காற்றில் மறுபடி துரு பூக்கும். சுவரில் தொங்கவிட வெல்டிங் பட்டறையில் கம்பி வைக்கச் சொல்லுங்கள். குண்டு உள்ளீடற்றது, உள்ளே காற்றுதான் இருக்கும். பற்றவைக்கும் முன் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சூடாகும் காற்றுக்கு வழியில்லை.

வெள்ளை ஃபெவிகாலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மழைக்காலத்து ஈரத்தில் இளகும் என்பதால் வெளித்திண்ணைக்கு ஆகாது. ஆனால் கிரிக்கெட் பந்தை அறுக்கும் வேலையில் அதற்கு ஈடு இல்லை. தோலுக்குள் தக்கையைச் சுற்றி நூல் இறுகச் சுற்றியிருக்கும். வைஸில் சைக்கிள் டியூப் துண்டு வைத்துப் பந்தைப் பிடித்து, அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுங்கள். அறுத்த உடனே நூல் முனைகள் பிரியத் தொடங்கும். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து வெட்டுமுகத்தில் தூரிகையால் ஊட்டி, ஓர் இரவு காயவிட்டால் மரத்தின் ஆண்டு வளையம் போல அழகான வட்டங்கள் நிலைத்துவிடும். இதே வெட்டுமுகத்தில் உடனடிப் பசையை ஊற்றுவது ஆபத்து. கம்பளி, பருத்தி நூலில் அது பட்டதும் வேகமாகச் சூடாகிப் புகையும், விரல் சுடும்.

உடனடிப் பசைக்கு ஒரே ஒரு நல்ல வேலை உண்டு: ஷட்டிலில் கழன்ற இறகின் தண்டை, ஊசிமுனையில் ஒரு சொட்டு எடுத்துத் திரும்பப் பதிப்பது. மற்றபடி தட்டினால் உடையும், கருந்தோலில் வெண்படலம் விடும். ஒரு ஷட்டிலில் 16 இறகு. எடை ஐந்து கிராம் அளவுதான். அடிக்கட்டையின் மேலுறையை உரித்துத் தக்கையை வெள்ளை ஃபெவிகாலால் ஒட்டினாலே வீட்டுக்குள் நிற்கும். இறகைப் பூச்சி அரிக்கும் என்பதால், ஒட்டும் முன் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைவெப்பத்துக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் இறகில் நீர் கோத்து வடிவம் கெடும். நைலான் ஷட்டிலில் இந்த நான்கில் எதையும் நம்ப வேண்டாம், மீன்பிடி நரம்பால் கட்டுங்கள்.

எஸ்.ஆர். வாங்கும்போது பெரிய டின் மலிவு என்று எடுக்காதீர்கள். திறந்த டின் கெட்டியாகிக்கொண்டே போகும், கெட்டியான பசையை மெல்லிசாகத் தடவ முடியாது. சிறிய டின்னாக வாங்கி, மூடியின் விளிம்பைத் துடைத்து இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால் ஒரு சட்டத்தை முடிக்கும்வரை பதம் மாறாது.