நீர்க்கடுப்புக்குக் கிரான்பெரி: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திரும்பத் திரும்பச் சலக்கிருமி (சிறுநீர்த் தொற்று) வந்து அவதிப்படுகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். 2021 கடைசியில் கிரான்பெரி எடுக்கத் தொடங்கினேன். நடுவில் ஒரு காலம் விட்டது போக, இன்றுவரை எடுக்கிறேன். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வந்துகொண்டிருந்த தொற்று எனக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் வந்துவிட்ட தொற்றை அது ஒருநாளும் மாற்றியதில்லை. வெள்ளைபடுதல், அரிப்பு போன்றவற்றுக்கு அதனால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

சலம் போகும்போது எரிகிறது என்று வீட்டில் சொன்னால், "சூடு பிள்ளை, தம்பிலி (செவ்விளநீர்) குடி" என்பதுதான் முதல் வைத்தியம். அடுத்தது பார்லித் தண்ணி. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பொல்பலா மூலிகை அவித்துக் கொண்டுவந்து தருவா. அன்போடு தருவதைக் குடிப்பதில் ஒரு குறையும் இல்லை, தண்ணீராவது உள்ளே போகும். ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு தரம், அல்லது வருடத்தில் மூன்று தரம் தொற்று வந்தால் அதைச் சூடு என்று விட்டுவிட முடியாது. எனக்கு அந்த நிலை வந்தபோது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண் டொக்டரைச் சனல் பண்ணிப் போனேன். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "கிரான்பெரி எடுங்கோ, வராமல் இருக்க அது உதவும். வந்திட்டுதெண்டா யூரினைக் குடுத்திட்டு என்னட்ட வாங்கோ." அந்தப் பேச்சில் இருந்த தெளிவுதான் இத்தனை காலமும் எனக்கு வழிகாட்டி.

கிரான்பெரி வட அமெரிக்காவில் சதுப்பு நிலத்தில் வளரும் சிறு பழம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில்தான் மிக அதிகமாக விளைகிறது, கனடாவில் கியூபெக்கில். சலத்தைப் புளிப்பாக்கிக் கிருமியைக் கொல்கிறது என்று முன்பு நினைத்தார்கள். பிறகு தெரிந்தது வேறு. பெரும்பாலான சலத்தொற்றுக்குக் காரணம் ஈ. கோலை என்ற, குடலில் இருக்கிற கிருமி. அதன் உடம்பில் மயிர் போன்ற நுண் இழைகள் உண்டு, அவற்றால்தான் சலப்பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. கிரான்பெரியில் உள்ள ஏ வகைப் புரோஅந்தோசயனிடின் என்ற பொருள் அந்தப் பிடியைத் தடுக்கிறது. பிடிக்க இடம் கிடைக்காத கிருமி சலத்தோடு வெளியே போகிறது. ஏற்கெனவே பற்றிப் பெருகிவிட்ட கிருமியை இது கொல்லாது. எரிவு தொடங்கிய பிறகு போத்தல் போத்தலாகக் குடித்தாலும் சரிவராததற்குக் காரணம் இதுதான்.

ஆராய்ச்சி முடிவுகளும் காலத்தோடு மாறியிருக்கின்றன. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு, கிரான்பெரியால் பெரிய பலன் இல்லை என்றது. 2023இல் அதே அமைப்பு 50 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 9000 பேரின் தரவுகளை வைத்து மறுபடி பார்த்தபோது, திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களுக்கு ஆபத்து ஏறத்தாழ கால்வாசி குறைவதாகக் கண்டது. கர்ப்பிணிகளுக்கும் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதியவர்களுக்கும் அந்தப் பலன் தெரியவில்லை. கால்வாசி என்றதும் சிலருக்குச் சப்பென்று இருக்கும். மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் குளிசையோடு வாழ்ந்த எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இனி ஜூஸைப் பற்றி. காலி வீதி சுப்பர்மார்க்கெட்டில் எடுத்தவுடன் கூடையில் போடாமல் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். அநேகமானவற்றில் முதலில் தண்ணீர் இருக்கும், சீனி முன்வரிசையிலேயே இருக்கும். சிலதில் பாதிக்கு மேல் அப்பிள் அல்லது முந்திரிகை (திராட்சை)ச் சாறு, கிரான்பெரி பெயருக்குத்தான். இனிப்புச் சேர்த்த ஜூஸ் ஒரு கிளாஸில், அதாவது 240 மில்லிலீற்றரில், 25 கிராம் அளவு சீனி போகும். ஆறு தேக்கரண்டி. தினமும் அதைக் குடிக்கச் சொல்லி நீரிழிவு உள்ள குடும்பத்தில் யாருக்கும் நான் சொல்லமாட்டேன். சீனி சேர்க்காத சுத்தச் சாறு கிடைத்தால் நல்லது, ஆனால் அதன் துவர்ப்பு சாதாரணமில்லை. பழுக்காத நாவல்பழத்தைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துப் பிடிக்கும், பல்லெல்லாம் கரகரக்கும். ஒரு பங்கு சாற்றுக்கு மூன்று பங்கு குளிர்ந்த தண்ணீர் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடித்துப் பழகினேன். வெறும் வயிற்றில் எனக்கு நெஞ்செரிவு வந்தது.

பிறகு கப்சூலுக்கு மாறினேன். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வரும்போதெல்லாம் கொண்டுவந்து தருவா, மற்ற நேரம் இங்கே பாமசியில் வாங்குவேன். இதிலும் கவனம் வேண்டும். "500 மில்லிகிராம்" என்று பெரிதாகப் போட்டிருப்பது அநேகமாகப் பழத் தூளின் நிறை. நமக்குத் தேவையான புரோஅந்தோசயனிடின் அளவு வேறு, ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது நாளுக்கு 36 மில்லிகிராம். அந்த எண்ணைத் தனியாகப் போடாத போத்தலுக்கு நான் காசு கொடுப்பதில்லை. மச்சாள் அன்போடு கட்டிக்கொண்டு வருகிற காய்ந்த கிரான்பெரி சீனிப்பாகில் ஊறியது, அதைக் கேக்குக்குப் போட வைத்திருக்கிறேன்.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் எல்லாம் குழம்பியது. இறக்குமதிச் சாமான்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது, மருந்துக்கே தட்டுப்பாடு. கிரான்பெரியை விட்டேன். அந்தக் காலத்தில் தொற்று திரும்ப வந்தது உண்மை. ஆனால் கிரான்பெரி இல்லாததால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டீசல் இல்லாமல் பஸ்கள் குறைந்திருந்தன. 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டு, கோட்டைக்கு வேலைக்குப் போய்வர முன்னைவிட எவ்வளவோ நேரம் எடுத்தது. வழியில் நம்பிப் போகிற ரொய்லெட் இல்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்த பெண்களில் நானும் ஒருத்தி.

இந்தத் தண்ணீர் விஷயத்தைக் கிரான்பெரியைவிட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குறைவாகத் தண்ணீர் குடிக்கிற, அடிக்கடி சலப்பைத் தொற்று வருகிற 140 பெண்களை எடுத்தார்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூடக் குடிக்க வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தரம் தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 தரம். கொழும்பு வெயிலுக்கு இதைவிட மலிவான வைத்தியம் எது? இப்போது வேலை மேசையில் ஒரு லீற்றர் போத்தல் இருக்கிறது, மத்தியானத்துக்குள் அது முடிந்துவிடும். சலம் வந்தால் கூட்டம் நடந்தாலும் எழுந்து போகிறேன். எங்கள் வேலைத்தலத்துப் பெண்கள் ரொய்லெட்டுக்குப் பூட்டுப் போடாமல் வைக்கவேண்டும் என்று நாங்கள் எல்லோருமாகக் கேட்டு வாங்கினோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் கல்யாணம் முடித்த புதிதில் எத்தனையோ பிள்ளைகள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு அழுகிறார்கள். உடலுறவுக்குப் பிறகு சலத்தொற்று வருவது மிகவும் வழமையான விஷயம். அது ஒழுக்கக்கேடும் இல்லை, அழுக்கும் இல்லை. பிறகு எழுந்து போய்ச் சலம் கழித்துவிட்டு வருவது நல்லது என்பது டொக்டர் எனக்குச் சொன்னது.

கிரான்பெரி செய்யாத வேலை பற்றி. மாமிக்கு நீரிழிவு. தயிர்த் திட்டுப் போல வெள்ளைபட்டு அரிப்பு வந்ததும், "நீ குடிக்கிற அந்தச் சிவப்பு ஜூஸைத் தாவன்" என்றா. கொடுக்கவில்லை, கிளினிக்குக் கூட்டிப்போனேன். கண்டிடா என்ற பூஞ்சணம். உள்ளே வைக்கிற குளோட்ரிமசோல் குளிசையில் சுகமானது. நீரிழிவுக்கு என்ன மருந்து எடுக்கிறா என்றும் டொக்டர் கேட்டார். சீனியைச் சலத்தோடு வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளில் இந்தத் தொற்று கூடுதலாக வருமாம். மீன் வாடையோடு சாம்பல் நிறமாகப் போனால் அது பக்டீரியாச் சமநிலை குழம்பியது, அதற்கு மருந்து வேறு. யோனியில் இருக்கிற நல்ல பக்டீரியா அந்த இடத்தை pH 3.8 முதல் 4.5 வரையான அமிலத்தன்மையில் தானே காத்துக்கொள்ளும். வாசனைத் திரவத்தால் உள்ளே கழுவினால் அந்தக் காவல்தான் போகும், வெளியே தண்ணீர் போதும். மாதவிடாய் நின்ற பிறகு தொற்று அடிக்கடி வருகிறவர்கள், உள்ளே பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் பற்றி விஓஜியிடம் (பெண்நோயியல் நிபுணரிடம்) கேளுங்கள். அந்த வயதில் அதற்கு நல்ல பலன் உண்டு.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் சிறுநீரகக் கல் வந்தவர்களும் டொக்டரைக் கேட்காமல் கிரான்பெரியைத் தொட வேண்டாம்.

எரிவு தொடங்கினால் இன்றும் நான் செய்வது ஒன்றுதான். மிச்சமிருக்கிற பழைய அன்டிபயோட்டிக்கைத் தேடுவதில்லை. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருகிற சலத்தைப் பிடித்து, முதல் குளிசை போட முன்னமே யூஎஃப்ஆருக்கும் (முழுச் சலப் பரிசோதனை) கல்ச்சருக்கும் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கொடுக்கிறேன். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது கல்ச்சரில்தான் தெரியும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்க நோ, வாந்தி, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. பிள்ளை வயிற்றில் இருக்கிறவர்கள் லேசான எரிவுக்கும் அன்றே போகவேண்டும்.