38,000 ரூபாய்க்கு வாங்கிய பாம்பு: முதன்முதலாகப் பாம்பு வளர்க்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பவும்

நேற்று முன்தினம் இரவு என் பாம்பு இறந்துவிட்டது. வாங்கி 26 நாட்கள்தான் ஆகியிருந்தன. கொல்லையில் வாழைக்கன்றுகளுக்குப் பக்கத்தில் அதைப் புதைத்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போன தொகை 38,000 ரூபாய்; குறுவை அறுவடை முடிந்ததும் அப்பா என் கையில் கொடுத்த பணம் அது.

கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கிராமம் எங்களுடையது. வரப்பில் சாரையையும் வாய்க்காலில் நீர்க்கோலியையும் பார்த்து வளர்ந்ததால் எனக்குப் பாம்பின்மீது அச்சத்தைவிட ஆசையே அதிகம். அவற்றைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது தெரிந்திருந்ததால், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, நஞ்சில்லாத பால் பைதான் என்ற மலைப்பாம்பு வகையைத் தேடினேன். (பெயரைக் கேட்டவுடன், "தினமும் எத்தனை லிட்டர் பால் வாங்கணும்?" என்றார் அம்மா. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த ஆங்கிலப் பெயர் அது, தின்பது எலியைத்தான். திருநாகேஸ்வரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பாம்பை விலைக்கு வாங்குகிறானே என்று அவருக்கு வேறு வருத்தம்.)

விற்றவர் ஒரு பெருநகரத்தில் அயல்நாட்டுச் செல்லப்பிராணிக் கடை வைத்திருப்பவர். கைப்பேசிக் குழு ஒன்றின் வழியாகவும் விற்கிறார். நான் அவரை நம்பியது எந்த இடத்தில் என்று இந்த இரண்டு நாட்களாக யோசித்துப் பார்க்கிறேன். பணம் அனுப்பத் தயாராக இருந்த என்னிடம் அவர் உடனே விற்க மறுத்தார். "மார்கழியில் உங்க ஊர்ல ராத்திரி எவ்வளவு குளிரும், மழைக்காலத்துல கரண்ட் எத்தனை மணி நேரம் போகும், இதெல்லாம் பார்க்காம நான் உயிரைக் கொடுக்க மாட்டேன் சார்" என்றார். பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த அக்கறையில் கரைந்துபோய், பாம்புக்கு 29,500 ரூபாயும், பெட்டி, வெப்பத் தகடு, கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றுக்கு 8,500 ரூபாயுமாக 38,000 ரூபாயை ஒரே தவணையில் அனுப்பினேன். பதிவுச் சான்று ஒரு வாரத்தில் தபாலில் வரும் என்றார்.

அவர் சொன்ன பொய்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உண்மை இருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. புதிய இடத்துக்கு வந்த பாம்பை ஒரு வாரம் தொடக் கூடாது, இரை வைக்கக் கூடாது என்றார், இது உண்மை. ஆனால் அவர் கொடுத்த உத்தரவாதமும் அதே ஏழு நாட்களுக்குத்தான். எட்டாம் நாள் வைத்த எலியை அது சீண்டவே இல்லை. "பால் பைதான் மாசக்கணக்கில் சாப்பிடாம இருக்கும் சார்" என்றார். வளர்ந்த, நலமான பாம்புக்கு அதுவும் உண்மை. என்னிடம் இருந்ததோ விலா எலும்பு தெரியும் குட்டி.

பதினோராம் நாள் முதல் அது தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு வெளியே வரவில்லை. படம் எடுத்து அனுப்பியதற்கு, "காவிரிக்கரைக்கு வந்தா பாம்பும் குளிக்கத்தானே செய்யும்" என்று சிரிப்புப் பொம்மையோடு பதில் வந்தது. நானும் சிரித்தேன். மறுநாள் கிண்ணத்தின் அடியில் கசகசா அளவில் கறுப்பாகப் படிந்து கிடந்ததை உற்றுப் பார்த்தபோதுதான், அவை பாம்பின் செதிலிடுக்கில் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணிகள் என்பதும், அரிப்புத் தாங்காமல்தான் அது நீரில் கிடந்தது என்பதும் புரிந்தது.

அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியோ மின்விசிறிக்குப் போடும் ரெகுலேட்டரைப் போன்ற ஒரு குமிழ், அவ்வளவுதான். குறித்த வெப்பம் வந்ததும் தானாக நிறுத்தும் வேலை அதற்குத் தெரியாது. தகட்டின்மேல் வெப்பமானியை வைத்தேன்: 44 டிகிரி. வயிற்றுச் செதில்கள் வெந்து பழுப்பேறியிருந்தன.

திருச்சியில் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனபோது வாயில் நுரை கட்டியிருந்தது. நுரையீரல் தொற்று முற்றிவிட்டது என்றும், பண்ணையில் பிறந்ததாகத் தெரியவில்லை, காட்டில் பிடித்ததாக இருக்கலாம் என்றும் சொன்னார். ஊசி போட்டும் பயனில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "சார்" என்ற அழைப்பு "தம்பி" ஆகிவிட்டது. நான்தான் வெப்பம் அதிகம் வைத்துக் கொன்றேனாம். சான்று எங்கே என்றதற்கு, "போலீசுக்குப் போ தம்பி, பேப்பர் இல்லாத பாம்பு யார் வீட்ல இருந்ததுன்னு அவங்க கேட்பாங்க" என்றார். 2024இல் வந்த விதிகளின்படி இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் அதையும் பதிய வேண்டும் என்பதை விற்கும்போது அவர் முழுதாகச் சொல்லவில்லை. மிரட்டும்போது நன்றாகச் சொன்னார். இப்போது என் எண்ணை முடக்கிவிட்டார். 38,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

விரிவாகவே எழுத நினைத்தேன், முடியவில்லை. பதிவுத் தாள் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய், பாம்பு உங்கள் கண்முன் இரை எடுப்பதைப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் உடலைத் துடைத்துக் கறுப்புப் புள்ளி ஒட்டுகிறதா என்று பாருங்கள். தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் பாருங்கள். பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியில் வெப்பத் தகட்டை ஓடவிட்டு, இரவில் எழுந்து வெப்பத்தை அளந்து பாருங்கள்.