உலர் உணவில் ஈஸ்ட், பூஞ்சணம்: பிலிம் தட்டா, டி.ஜி.18 அகாரா?

உணவுப் பொருளில் ஈஸ்ட்டும் பூஞ்சணமும் எந்த அளவுக்கு உள்ளன என்று எண்ணிப் பார்க்க ஆய்வகங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைக் கையாளுகின்றன. ஒன்று, 2008-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 21527 தரநிலை கூறும் அகார் தட்டு (கடற்பாசிக் கூழில் சத்துகள் கலந்த வளர்ப்பு ஊடகம்; டி.ஜி.18 அதில் ஒரு வகை); மற்றொன்று, உலர்ந்த ஊடகம் பூசப்பட்டு, மாதிரிக் கரைசலை விட்டதும் கூழாக மாறும் பிலிம் தட்டு. எங்களிடம் வரும் மாதிரிகளில் மாவு, உலர்பழம், பொடி வகைகளே மிகுதி என்பதால் நாங்கள் அகாரைத் தேர்ந்தெடுத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

பிலிம் தட்டின் நன்மைகள் வெளிப்படையானவை. ஊடகம் காய்ச்ச வேண்டாம், ஆட்டோகிளேவ் (நீராவிக் கிருமிநீக்கி) வேண்டாம், இன்குபேட்டரில் இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆய்வு முறைகளைச் சரிபார்க்கும் ஏ.ஓ.ஏ.சி. அமைப்பின் 2014.05 முறைப்படி விரைவு வகைத் தட்டில் 48 அல்லது 60 மணி நேரத்தில் எண்ணிக்கை கிடைத்துவிடும். அகாருக்கோ 25 டிகிரியில் குறைந்தது 5 நாள் காத்திருக்க வேண்டும். இன்னொரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. பிலிமில் 1 மில்லி கரைசலை விடுவதால், பத்தில் ஒன்றாக நீர்த்த மாதிரியில் கிராமுக்கு 10 காலனிகள் (கண்ணுக்குத் தெரியும் நுண்ணுயிர்க் கூட்டங்கள்) என்ற அளவு வரை கண்டறியலாம். அகாரின் மேல் 0.1 மில்லியைப் பரப்பும்போது அந்த எல்லை 100 ஆகிவிடுகிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் 1 மில்லியை மூன்று தட்டுகளில் பிரித்துப் பரப்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவு இருந்தும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: ஊடகத்தின் நீர்ச் செயல்பாடு (தூய நீருக்கு 1 என்று கொள்ளும் அளவு). ஓர் உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை விட, அந்த நீரில் எவ்வளவு பங்கு நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கிறது என்பதே அங்கு எது வளரும் என்பதை முடிவு செய்கிறது. ஐ.எஸ்.ஓ. தரநிலை இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருப்பதே இதனால்தான். நீர்ச் செயல்பாடு 0.95-க்கு மேல் உள்ள உணவுகளுக்கு டி.ஆர்.பி.சி. அகார், 0.95-ம் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்கு டி.ஜி.18. பின்னதில் லிட்டருக்கு 220 கிராம் கிளிசரால் சேர்ப்பதால் ஊடகத்தின் நீர்ச் செயல்பாடு 0.955 அளவுக்கு இறங்குகிறது. பிலிம் தட்டோ நீர்த்த கரைசலாலேயே ஊறுவதால், அதன் கூழ் கிட்டத்தட்ட முழு ஈரத்தில் இருக்கிறது. தயிருக்கும் பழச்சாற்றுக்கும் அது பொருந்தும். உலர்பழத்தின் மேல் பல மாதங்கள் உயிர்ப்போடு இருந்த ஒரு வறட்சி விரும்பிப் பூஞ்சணம், திடீரென்று அத்தனை ஈரத்தில் விழுந்தால் மிக மெதுவாக வளரும், அல்லது வளராமலே போகும்.

இதை நேரில் பார்த்தால் சந்தேகமே எழாது. ஒரே உலர்பழ மாதிரியை இரண்டிலும் வைத்தபோது, 60 மணி நேரத்தில் பிலிம் வெறுமையாக இருந்தது, டி.ஜி.18 தட்டும் அப்போது வெறுமையாகவே தெரிந்தது. ஆறாம் நாள் அதே அகாரின் மேல் குண்டூசி முனையளவு சாக்லேட் பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக எழுந்திருந்தன. வாலெமியா என்ற வறட்சி விரும்பிப் பூஞ்சணத்தின் வழக்கமான தோற்றம் அது. பிலிமை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் சரக்கைக் குறைபாடற்றது என்று கையெழுத்திட்டு அனுப்பியிருப்போம், கிடங்கில் அது மெல்லக் கெட்டுக்கொண்டிருந்திருக்கும்.

தாமதத்தைக் கூட ஏதாவது ஏற்பாடு செய்து சமாளிக்கலாம், பொய்யான பூஜ்யத்தைச் சமாளிக்க வழியே இல்லை. தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டால் அது சுத்தமான மாதிரியா, பொருந்தாத ஊடகமா என்று அந்தத் தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாதிரியைக் கரைக்கும் கட்டத்திலும் இதே எச்சரிக்கை தேவை. சர்க்கரைப் பாகு போன்ற அடர்ந்த பொருளை வெறும் 0.1 சதவீதப் பெப்டோன் நீரில் கரைத்தால் ஊடுபரவல் அதிர்ச்சியிலேயே செல்கள் சேதமடையும். கரைசலிலும் கிளிசரால் அல்லது சர்க்கரை சேர்க்க வேண்டும்.

டி.ஜி.18 குறையற்றது என்று நான் சொல்லவில்லை. யூரோஷியம் என்ற பூஞ்சண வகைகள் அதில் மிக வேகமாகப் படர்ந்து பக்கத்துக் காலனிகளை மறைத்துவிடும். ஜெரோமைசிஸ் பைஸ்போரஸ் என்ற பூஞ்சணம் நீர்ச் செயல்பாடு 0.61 வரை இறங்கிய வறட்சியிலும் வளரக்கூடியது. அதைத் தேடுபவர்கள் 50 சதவீதக் குளுகோஸ் கொண்ட எம்.ஒய்.50.ஜி. ஊடகத்துக்குத்தான் போக வேண்டும். டி.ஆர்.பி.சி.க்கு வேறொரு பராமரிப்புத் தொல்லை உண்டு. ரைசோபஸ், மியூக்கர் ஆகிய பூஞ்சணங்கள் தட்டு முழுவதும் படராமல் தடுப்பதற்காகச் சேர்க்கும் ரோஸ் பெங்கால் சாயம், வெளிச்சம் பட்டால் ஈஸ்ட்டுக்கே நஞ்சாக மாறுவதால், ஊற்றிய தட்டுகளை இருட்டில்தான் வைக்க வேண்டும். இரண்டிலுமே இன்குபேஷன் முடியும்வரை தட்டுகளைக் கவிழ்க்கவோ அசைக்கவோ கூடாது. உதிரும் வித்துகள் புதுக் காலனிகளாக முளைத்து எண்ணிக்கையை ஏற்றிவிடும்.

பிலிம் பக்கமும் ஒரு சிக்கல் கவனத்துக்குரியது. சில பிலிம்களில் காலனிகளுக்கு நிறம் தருவது பாஸ்பட்டேஸ் நொதியின் வினை. உணவிலேயே அந்த நொதி மிகுந்திருந்தால் பின்னணி முழுவதும் நீலமாகி எண்ண முடியாமல் போகும். மேலும் ஒரு படி நீர்த்தால் சரியாகும், ஆனால் கண்டறியும் எல்லையில் கிடைத்த சாதகம் அதோடு போய்விடும்.

நுண்ணுயிரிகளின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் எனக்கு அனுபவம் குறைவு. செயல்விளக்கங்களில் பார்த்ததோடு சரி. சில மணி நேரத்தில் விடை தருகிறது என்பது உண்மை, ஆனால் இறந்த செல்களின் டி.என்.ஏ.வும் கணக்கில் சேரக்கூடும் என்பதால், சூடுபடுத்திப் பதப்படுத்திய பொருள்களுக்கு அதன் எண்ணை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

பானங்களும் பால்பொருள்களும் மட்டுமே கையாளும் ஆய்வகமாக இருந்தால் நான் பிலிமைத்தான் வாங்கச் சொல்வேன். இரு வகை உணவும் வரும் இடத்தில், மாதிரி வந்தவுடன் நீர்ச் செயல்பாட்டு மீட்டரில் அளந்து, 0.95-க்கு மேற்பட்டதைப் பிலிமுக்கும் மற்றதை டி.ஜி.18-க்கும் பிரித்து அனுப்பலாம். அந்த மீட்டரை வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.