கைநழுவிய மூன்று கார்கள்: எதற்கு வருந்துவது, எதை விட்டுவிடுவது?

ஓட்டிப் பார்த்து, பேரம் பேசி, முன்பணம் கொடுக்கும் கட்டம் வரைக்கும் போய், கடைசி நேரத்தில் விட்டுவந்த கார்கள் எனக்கு மூன்று இருக்கின்றன. ஹோண்டா எஸ்2000, பிஎம்டபிள்யூ எம்3 (இ46 என்று சொல்லப்படும் தலைமுறை), மெர்சிடிஸ் டபிள்யூ124 ஸ்டேஷன் வேகன் (பின்னால் நீண்ட சுமை இடம் உள்ள குடும்பக் கார்). மூன்றும் மூன்று ரகம். ஆனால் பல வருடங்களாக இவை என் மனசுக்குள் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன, அதனால் ஒருமுறை உட்கார்ந்து நேர்மையாக ஒப்பிட்டுவிடலாம் என்று தோன்றியது.

முதலில், எதை வைத்து ஒப்பிடுவது? இந்தப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் விலையைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு எவ்வளவுக்குக் கிடைத்தது, இன்றைக்கு எங்கே போய் நிற்கிறது என்று. எனக்கு அது கார் மேல் உள்ள வருத்தமாகவே தெரியவில்லை, பணத்தின் மேல் உள்ள வருத்தம். அப்படி வருந்துகிறவர் அன்றைக்கு வாங்கியிருந்தாலும் விலை கொஞ்சம் ஏறியதுமே விற்றிருப்பார். நான் கேட்டுக்கொள்வது வேறு மூன்று கேள்விகள். வாங்கியிருந்தால் இன்றைக்கும் வைத்திருப்பேனா? அதே நிலையில் இன்னொன்று இப்போது தேடினால் கிடைக்குமா? அதற்குப் பதிலாக வாங்கியது அந்த இடத்தை நிரப்பியதா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது.

எஸ்2000-லிருந்து ஆரம்பிக்கிறேன். ஹோண்டா தன் 50-ம் ஆண்டையொட்டி 1999-ல் கொண்டுவந்து 2009 வரைக்கும் தயாரித்த இரண்டு சீட் திறந்த கார். எஞ்சின் 1,997 சிசி மட்டும்தான், டர்போ கிடையாது, ஆனால் 240 குதிரைத்திறன், ஜப்பானில் விற்றதில் 250. அது எப்படி வருகிறது என்றால் சுற்றில் வருகிறது: சிவப்புக்கோடு, அதாவது எஞ்சின் போகக்கூடிய உச்ச எல்லை, நிமிடத்துக்கு 9,000 சுற்று. நான் ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்தேன், முதல் பத்து நிமிடம் சாதாரண கார்தான். 3,000, 4,000 சுற்றில் ஓட்டினால் இதற்காகவா இத்தனை பேச்சு என்று தோன்றும். அப்புறம் இரண்டாவது கியரில் காலை எடுக்காமல் மிதித்தேன். 6,000-ஐத் தாண்டும்போது விடெக் மாறுகிறது, அதாவது கேம் ஷாஃப்டில் உயரமான மேடுகள் வேலைக்கு வந்து வால்வுகள் இன்னும் அதிகமாக, இன்னும் நீண்ட நேரம் திறக்கின்றன. சத்தமே வேறாகிவிட்டது. வேறு கார்களில் கியர் மாற்றியே ஆகவேண்டிய இடத்தில் இதில் இன்னும் 3,000 சுற்று மீதி இருக்கிறது. மீட்டரில் ஆரஞ்சுக் கட்டங்கள் வில்லாக வளைந்து ஏறிக்கொண்டே போகின்றன. அந்த கியர் லீவர் மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும் என்ற அளவுக்குக் குட்டையாக நகர்கிறது. ஆட்டோமேட்டிக் என்ற பேச்சே இந்தக் காரில் கிடையாது, எல்லாமே ஆறு கியர் மேனுவல்.

விட்டதற்குக் காரணம் நான் படித்த ஒரு விஷயம். ஆரம்பகால கார்கள் ஈரச் சாலையில் வளைவின் நடுவே காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று வீசிவிடும் என்ற பெயர் உண்டு. 2004 மாடலில் பின் சஸ்பென்ஷனைச் சரிசெய்து, 17 அங்குல சக்கரமும் போட்டு, கொஞ்சம் அடக்கினார்கள். சரி, அந்த மாடலையே தேடி வாங்கிக்கொள்ளலாம், இதுதான் கடைசி எஸ்2000-ஆ என்ன, என்று வந்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், 2004 மாடலிலிருந்து சில நாடுகளுக்கு 2.2 லிட்டர் எஞ்சின் வந்துவிட்டது, அதில் இழுவை கூடி சிவப்புக்கோடு 8,000-க்கு இறங்கிவிட்டது. தினமும் ஓட்ட அதுதான் நல்லது. ஆனால் நான் மயங்கியது எதற்கோ அது அதில் இல்லை.

அதற்குப் பதில் வாங்கியது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் உலகத்துக்குக் காட்டிய அதே கார், மேலெழும் முகப்பு விளக்குகளோடு. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் வேகத்தில் போட்டியே இல்லை, எஸ்2000 எங்கேயோ போய்விடும். ஆனால் எம்எக்ஸ்-5-ஐ சாதாரண வேகத்திலேயே அதன் எல்லை வரைக்கும் ஓட்டலாம். எஸ்2000-ன் நல்ல பகுதி 6,000 சுற்றுக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது, பொதுச் சாலையில் அங்கே எத்தனை நிமிடம் இருக்க முடியும்? எம்எக்ஸ்-5 அந்த இடத்தை முக்கால்வாசி நிரப்பியது என்றுதான் சொல்வேன். இன்னொன்று, எஸ்2000 மொத்தம் சுமார் 1,10,000 தயாரானது, வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஆசைக்காக வாங்கியவர்கள், மூடி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதனால் இன்றைக்கும் தேடினால் நல்லது கிடைக்கும். கூடுதலாகக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். இது நடுத்தர வருத்தம்.

எம்3 கதை வேறு. மூன்றில் ஓட்டிய உடனேயே மனசு விழுந்தது இதில்தான். 3,246 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விடும் தனித்தனி த்ராட்டில், 343 குதிரைத்திறன். எஸ்2000-ல் காத்திருந்து வாங்கவேண்டிய வேகம் இதில் 3,000 சுற்றிலேயே இருக்கிறது, அப்புறம் 8,000 வரைக்கும் ஏறிக்கொண்டே போகிறது. சுற்றுமானியில் ஒரு சின்ன அழகு உண்டு: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மேல் எல்லையில் ஆரஞ்சு விளக்குகள் வரிசையாக எரியும், ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணைந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எல்லையைத் திறந்துவிடும். நான் முழு மிதி மிதித்தது கடைசி விளக்கும் அணைந்த பிறகுதான். நான்கு பேர் உட்காரலாம், டிக்கி இருக்கிறது, தினமும் எடுத்துப் போகலாம். தாளில் வைத்துப் பார்த்தால் மூன்றில் இதுதான் ஜெயிக்கவேண்டும்.

ஆனால் இந்தக் காரில் தெரிந்துகொண்டே போகவேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு, இ46 எம்3 வைத்திருக்கிற யாரும் முதல் வாக்கியத்திலேயே சொல்வார்கள். ஒன்று, எஞ்சினுக்குள் பிஸ்டனின் தண்டு சுழலும் இடத்தில் இருக்கும் கனெக்டிங் ராடு பேரிங். தேய்ந்து போனால் எஞ்சினே போய்விடும். ஆரம்ப வருட எஞ்சின்களுக்கு பிஎம்டபிள்யூவே அழைத்து மாற்றிக் கொடுத்தது. இரண்டு, பின் சப்ஃப்ரேம், அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம், பொருந்தும் இடத்தில் அடித்தகட்டில் வரும் விரிசல். இது போல்ட் கழற்றி மாற்றுகிற வேலை இல்லை, வெல்டிங் வைத்துத் தகடு அடித்து வலுப்படுத்துகிற வேலை. நான் பார்த்த வண்டிக்கு பேரிங் மாற்றியதற்கு ஒரு காகிதமும் இல்லை. ராம்பில் ஏற்றி அடியில் பார்க்கட்டுமா என்று கேட்டேன், விற்பவர் அதெல்லாம் வேண்டாம், பிடித்தால் எடுங்கள் என்றார். திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு நெஞ்சு வலித்தது உண்மை. இன்றைக்கு அந்த முடிவுக்காக ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை. அடியைப் பார்க்கவிடாத காரை விட்டுவந்ததை இழப்பு என்று சொல்லமாட்டேன். எம்3 வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது, அந்தக் குறிப்பிட்ட எம்3 மேல் ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி அந்த வேகன்.

டபிள்யூ124 வேகனில் 300டிஈ என்ற வகை, 1991-ம் வருட வண்டி. வேகத்துக்காக யாரும் இதை நினைப்பதில்லை. 2,962 சிசி, ஆறு சிலிண்டர், 180 குதிரைத்திறன், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், அவசரமே படாத வண்டி. ஒரே ஓனர். வயதானவர், மேஜை மேல் ஒரு தடித்த ஃபைலை வைத்தார், அதில் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதி போட்டு, ரீடிங் போட்டு இருந்தது. கதவைச் சாத்தினால் கனமான ஒரு ‘தொப்’, அதற்குப் பிறகு எதுவும் ஆடவில்லை, அதிரவில்லை. பின்கதவை மெதுவாக இறக்கினேன், கடைசி சென்டிமீட்டரை அதுவாகவே மோட்டாரால் இழுத்து மூடிக்கொண்டது. சுமை தரையைத் தூக்கினால் உள்ளேயிருந்து பின்னோக்கிப் பார்க்கிற இரண்டு சின்ன சீட்டுகள் விரிகின்றன, ஏழு பேர் போகலாம். பின் சஸ்பென்ஷன் எவ்வளவு ஏற்றினாலும் உயரத்தைச் சமமாக்கிக்கொள்ளும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது தூறல் விழுந்தது, அவர் வைப்பரைப் போட்டுக் காட்டினார். ஒற்றைக் கை. அரைவட்டமாக வீசாமல், மேல் மூலைகளை நோக்கிக் கை நீண்டு, நடுவில் உள்வாங்கி, மறுபடியும் நீள்கிறது. கண்ணாடியின் 86 சதவீதத்தை ஒரே கை துடைக்கிறது. ஒரு வைப்பருக்கு இவ்வளவு யோசித்தவர்கள் மற்றதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று அப்போதே எனக்குப் பட்டிருக்கவேண்டும்.

பட்டது. ஆனாலும் இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பழைய வேகன், ஓடிய வண்டி, இதை யார் போட்டிபோட்டு வாங்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் கூப்பிட்டேன், கொடுத்துவிட்டேன் என்றார்.

இதில்தான் இரண்டாவது கேள்வி குத்துகிறது. 1984 கடைசியில் வந்து தொண்ணூறுகளின் நடுவரை தயாரான டபிள்யூ124 எல்லா வடிவமும் சேர்த்து 25 லட்சத்துக்கும் மேல். வேகன் மட்டும் சுமார் 3,40,000, அதாவது எஸ்2000-ஐப் போல மூன்று மடங்கு. எண்ணிக்கையைப் பார்த்தால் எளிதாகக் கிடைக்கவேண்டும். நடந்தது நேர்மாறு. எஸ்2000-ஐ மூடி வைத்தார்கள், இதை உழைக்கவிட்டார்கள். டாக்ஸியாக ஓடின, மூட்டை சுமந்தன, டிரெய்லர் இழுத்தன, கெட்டியான வண்டி என்பதாலேயே யாரும் பாவம் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பதில் முன் மட்கார்டிலும் ஜாக்கி வைக்கிற இடத்திலும் துரு. துரு இல்லாத பிற்கால வண்டி கிடைத்தால், 1992-லிருந்து 95 வரைக்கும் வந்தவற்றில் எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் மொரமொரவென்று உதிர்ந்துபோகிற பிரச்சினை இருக்கிறது, அந்த வயரிங் மாற்றப்பட்டதா என்று பார்க்கவேண்டும். நான் விட்டது அதற்கு முந்தைய வருடம், சாதாரண எஞ்சின், ஒரே ஓனர், முழு ஃபைல். இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்த வண்டியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

மூன்றாவது கேள்விக்கும் இங்கே பதில் கசக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு புதிய வேகன் வாங்கினேன், எல்லா வசதியும் இருந்தது, ஆறு வருடம் ஓட்டினேன், விற்ற அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆக என் வரிசை: வேகன் முதலில், வெகுதூரம் தள்ளி எஸ்2000, எம்3 இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஓட்டிய நாளில் இருந்த வரிசை நேர் தலைகீழ், எம்3, எஸ்2000, வேகன். இந்த மாற்றத்துக்குக் காரணம் நான் வயதாகி நிதானமானது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அன்றைக்கு நான் மாடலை ஒப்பிட்டேன், வண்டியை ஒப்பிடவில்லை. எம்3 என்ற மாடல் டபிள்யூ124-ஐவிட ஆர்வமான மாடல்தான். ஆனால் என் முன்னால் நின்ற அந்த எம்3, என் முன்னால் நின்ற அந்த வேகனின் கால்தூசுக்கு வராது. மாடல் எங்கேயும் போகாது, நல்லபடி வைத்திருந்த ஒற்றை வண்டிதான் போகும்.

அதனால் இப்போது யாராவது இரண்டு வண்டிக்கு நடுவில் நின்று கேட்டால் நான் முதலில் கேட்பது எது வேகம், எது அழகு என்று இல்லை. எதற்கு ஃபைல் இருக்கிறது, எதை ராம்பில் ஏற்றவிட்டார்கள், முதல் ஓனரிடம் பேச முடிந்ததா, இந்த வருடத்து மாடலில் இதே நிறம் இதே கியர்பாக்ஸில் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை பார்த்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். நாலைந்து பார்த்திருந்தால் தாராளமாக யோசியுங்கள். ஒன்றே ஒன்று என்றால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டு, யோசனையை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு 300டிஈ கண்ணில் பட்டிருக்கிறது. 1990 வண்டி, இரண்டாவது ஓனர், ஃபைல் பாதிதான் இருக்கிறதாம், பின் சஸ்பென்ஷன் கொஞ்சம் குதிக்கிறது என்று அவரே சொன்னார். அது அந்த சஸ்பென்ஷனில் அதிர்வைத் தாங்கும் நைட்ரஜன் உருண்டைகள் காலியானதாக இருக்கலாம், மாற்றினால் சரியாகிவிடும். ராம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றும் அவரே சொன்னார். ஞாயிறு காலை போகிறேன், முன்பணத்தோடு.