மலைக்குப் போகும் சைக்கிள்: எடையைக் குறைக்கும் முன் பல்லைக் கூட்டுங்கள்

மசினகுடியைத் தாண்டி தலைக்குந்தாவை நோக்கி ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008-ல் தொடங்கி டிசம்பர் வாக்கில் நடந்துவரும் டூர் ஆஃப் நீலகிரீஸ் என்ற பலநாள் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்களில் பலர் மற்ற எல்லா நாளையும் விட்டுவிட்டு இந்த ஓர் ஏற்றத்தைப் பற்றியே கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேள்வி பெரும்பாலும் "சக்கரம் எத்தனை கிராம்?" என்று வந்து நிற்கும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர் கல்லட்டியில் பாதியில் இறங்கித் தள்ளுவது சைக்கிள் கனமாக இருப்பதால் அல்ல, பின் சக்கரத்துப் பல்சக்கரத்தில் பல் போதாததால்.

கணக்கைப் பார்ப்போம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 9, தண்ணீரும் கருவிகளும் 3, மொத்தம் 82. சாய்வு பத்து சதவீதம். கொஞ்சம் பயிற்சி எடுத்த ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கக் கூடிய 180 வாட் என்று வையுங்கள். வேகம் மணிக்கு 7.4 கிலோமீட்டர்தான் வரும். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் இருந்தால் பெடல் நிமிடத்துக்கு 48 சுற்று சுற்றும். பின்னால் 34 போட்டால் அதே வேகத்தில், அதே உழைப்பில் 58 சுற்று. இப்போது பல்லை மாற்றாமல் ஒரு கிலோ எடையைக் குறைத்துப் பாருங்கள்: 48 என்பது 48.6 ஆகும். அரைச் சுற்று! அந்த ஒரு கிலோவுக்குப் பல்லாயிரம் ரூபாய். கேசட்டும் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) புதுச் செயினும் அதில் ஒரு சிறு பங்குதான்.

நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் கீழே மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் விழும் பாரம் கூடுகிறது. முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் படி இறங்கும்போது முட்டிச் சிப்பிக்குக் கீழே ஊசி குத்துவது போல் வலித்தால் காரணம் இதுதான். சாய்வு பதினைந்தைத் தொடும் இடங்களில் 34-28 காரருக்கு 33 சுற்றுதான் மிஞ்சும்; எழுந்து நின்று மிதிப்பதைத் தவிர வழி இல்லை. 34-34 காரருக்கும் அங்கே 40-தான். கஷ்டம்தான், ஆனால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

கேசட்டை மாற்றும்போது தவறு நடக்கும் இடங்கள் நான்கு. ஒன்று, பின் டிரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் கை; அதன் கூண்டில் மேலும் கீழுமாக இரண்டு உருளைகள். ஷிமானோ 105 ஆர்7000 குடும்பத்தில் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான் தாங்கும். நீளக் கூண்டு, அதாவது ஜிஎஸ் என்று அச்சடித்திருப்பது, 34 வரை போகும். "கொஞ்சம் திருகினால் ஏறிடும்" என்று கடையில் சொல்வார்கள். ஸ்டாண்டில் ஏறும், ரோட்டில் பாரம் விழும்போது மேல் உருளை பல்லில் உரசிக் கத்தும். இரண்டு, செயின் நீளம். 28-க்கு அளந்து வெட்டிய செயினை 34-ல் மாட்டினால், முன் பெரிய பல்லும் பின் பெரிய பல்லும் ஒன்றாக விழும் நேரத்தில் டிரெய்லரை முறுக்கிப் பிய்த்துவிடும். பழைய செயினில் கண்ணி கூட்டுவதைவிடப் புதிது போடுவதே நல்லது. தேய்ந்த செயின் புதுப் பல்லில் தாவும். மூன்று, 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் ஷிமானோவின் எச்ஜி700, எச்ஜி800 வகை 11-34 கேசட்டைப் (சிறிய பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 34) போடும்போது பின்னால் 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கேசட்டைப் பூட்டும் மூடி முழுதாக இறுகியது போலத் தோன்றும், கேசட் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். மூடிக்கு 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். நான்காவது, டிரெய்லரின் பின்புறம் இருக்கும் பி ஸ்க்ரூ: பெரிய பல்லுக்கும் மேல் உருளைக்கும் நடுவே 5 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை திருகினால் போதும். அதற்கு மேல் திருகினால் கியர் மாறுவது மந்தமாகும்.

வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தபின் 11-34-ல் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. பற்களுக்கு இடையே தாவல் பெரிது. சமவெளியில் கூட்டமாக ஓடும்போது ஒன்று வேகம் கூடும், இல்லை குறையும், நடுவில் பொருந்தும் பல் கிடைக்காது. மலைக்கு இரண்டு மாதம் முன் மாட்டி, முடிந்ததும் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கேசட்டுக்கு ஒன்றாகச் செயினையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். தேய்மான அளவுகோல் 11 ஸ்பீடில் 0.5 காட்டினாலே செயினை மாற்றிவிட வேண்டும். 0.75 வரை இழுத்தால் போவது செயின் மட்டுமல்ல, கேசட்டும் சேர்ந்துதான்.

டயரில் 28 மில்லிமீட்டருக்குக் குறைந்து எதையும் பரிந்துரைக்க மாட்டோம். மேலே சொன்ன எடைக்கு முன்னால் 70, பின்னால் 78 பிஎஸ்ஐ அளவில் வைத்தால் மலைச் சாலையின் பெயர்ந்த ஓரங்களில் டியூப் கிள்ளப்படுவதில்லை, கையும் மரத்துப்போவதில்லை. டியூப்லெஸ் நல்லதுதான், நம் ஊர் வெயிலில் உள்ளே ஊற்றிய சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) இரண்டு மாதத்தில் ரப்பர் தோலாக ஒட்டிக்கொள்வதை மட்டும் மறக்கக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் சக்கரத்துக்கு 30 முதல் 40 மில்லி புதிதாக ஊற்றுங்கள். சீலன்ட்டை நம்பி டியூப் எடுக்காமல் போவது வேண்டாம்.

ஏற்றத்தைப் பற்றி நூறு கேள்வி வரும், இறக்கத்தைப் பற்றி ஒன்றுகூட வராது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் 325 சொச்சம். 82 கிலோ அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 1,500 கிலோஜூல். ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி முழுதும் பிரேக்கில்தான். ரிம் பிரேக்கில் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். கார்பன் ரிம் என்றால் ரிம்மே உருக்குலையும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். பிடித்து விடுவது, பிடித்து விடுவது. விடும் நேரத்தில்தான் ஆறும்.

டிஸ்க் பிரேக்கில் பேடைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். ரெசின் பேட் சத்தமில்லாமல், மென்மையாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் பளபளவென்று மெருகேறிப் பிடியை இழக்கும். உலோகப் பேட் சூட்டைத் தாங்கும், ஈரத்தில் ஊரைக் கூட்டும். மாற்றும் முன் ரோட்டரில் (பேட் பிடிக்கும் வட்டத் தகடு) எழுதியிருப்பதைப் படியுங்கள். சில மலிவு ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டும் என்று இருக்கும். அதில் உலோகப் பேட் போட்டால் ரோட்டரையே அரைத்துவிடும். பேடின் கனம் அரை மில்லிமீட்டருக்கு வந்தால் ஆயுள் முடிந்தது. ஒன்றுக்கு வரும்போதே புதிது போட்டுக்கொண்டு மலைக்குப் போங்கள்.

மலை இல்லாத ஊரில் மலைக்கு எப்படிப் பழகுவது? சமவெளியில் முன் 50, பின் 11 போட்டு நிமிடத்துக்கு 55 சுற்று மிதித்தால் வேகம் 32 வரும். உழைப்பும் ஏறத்தாழ மலையில் படும் அளவுக்கு வந்துவிடும். ஆனால் தசைக்குப் பழக்கம் முழுதாகக் கிடைக்காது. சமவெளியில் பெடல் மேலிருந்து கீழ் தாண்டும் செத்த புள்ளியை வண்டியின் ஓட்டமே கடத்திவிடுகிறது. மலையில் ஒவ்வொரு மிதிக்கும் வண்டி நின்றே போகிறது. இதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது எதிர்க்காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி நோக்கி மேற்கே ஓட்டினால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் அந்தக் காற்றே இலவசப் பயிற்சியாளர். டிசம்பர் பயணத்துக்குப் பதினாறு வாரப் பயிற்சி என்றால் ஆடியும் ஆவணியும் சேரும் இடத்தில்தான் தொடக்கம், வாகாக அமைகிறது. உயர ரிம் சக்கரத்தை மட்டும் வீட்டில் வையுங்கள். பக்கக் காற்று தூக்கிப் போட்டுவிடும்.

சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் வீட்டு டிரெயினரில் பழகுபவர்கள் முன்னால் சின்னப் பல்லில் ஓட்ட வேண்டும். பெரிய பல்லில் டிரெயினரின் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வேகமாகச் சுழன்று சமவெளி போலவே உணர்த்தும். சின்னப் பல்லில் அது மெதுவாகச் சுழல்வதால் மலையின் இழுபறி கிடைக்கும். முன் சக்கரத்தைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இரு சக்கரங்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருப்பதால் அதுவே பத்து சதவீதச் சாய்வு. இடுப்பும் கழுத்தும் எங்கே வலிக்கும் என்பது அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலும் சீட்டின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் சரியாகும். வாரத்துக்கு இரண்டு நாள், எட்டு நிமிடம் வீதம் நான்கு முறை, 50 முதல் 55 சுற்றில். முதல் மூன்று வாரம் இரண்டே முறையோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மலைக்கு முன்பே முட்டி போய்விடும்.

சனி, ஞாயிறு அடுத்தடுத்த நாள் நீண்ட தூரம் போவதே பலநாள் பயணத்துக்குச் சரியான ஒத்திகை. ஒரே நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டி ஒரு வாரம் படுத்திருப்பதைவிட, சனிக்கிழமை 100, ஞாயிறு காலை களைத்த காலோடு 80 என்பது பயன் தரும். நான்காவது வாரம் தோறும் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். கடைசிப் பத்து நாளில் புதிதாக எந்த வலுவும் வந்து சேராது, களைப்புதான் சேரும்.

நிஜ மலையில் பழக ஏலகிரி நல்ல தொடக்கம். 14 வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர்ப் பலகை. பலகையைப் படிக்க மூச்சு மிச்சம் இருந்தால் வேகம் சரி. அடுத்து ஏற்காடு, 20 வளைவு. கொல்லிமலையின் 70 வளைவுகளை ஏற்றத்துக்காகச் சொல்வார்கள். அது இறக்கத்துக்கான பள்ளிக்கூடம். வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் பிடித்து விடும் பழக்கம் ஒரே காலையில் கைக்கு வந்துவிடும்.

வயிறு கெடுவது பெரும்பாலும் உப்பு, சர்க்கரைக் கணக்கில். ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டருக்கு என்று எழுதியிருப்பதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் குடல் தண்ணீரை வாங்காது, குமட்டும். ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ், மற்றதில் வெறும் தண்ணீர் என்று பிரித்துவிடுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்று ஏறக்குறைய 25 கிராம் தரும், மீதிக்குப் பேரீச்சை. கடலை மிட்டாய் ருசிதான், ஆனால் ஏற்றத்தில் வாய் உலர்ந்திருக்கும்போது தொண்டையில் அடைக்கும்; சமதரையில் தின்னுங்கள். காலையில் இட்லி, கிளம்ப இரண்டரை மணி நேரம் முன். நெய்ப் பொங்கல் முதல் வளைவிலேயே மேலே வரும்.

டிசம்பர் ஊட்டியில் உறைபனி விழும். ஏறும்போது நனைந்த பனியனோடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாது, அதுதான் நிஜ ஆபத்து. காற்றை மறிக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் முழு விரல் கையுறையும் போதும். ஜாக்கெட் இல்லையென்றால் நெஞ்சில் செய்தித்தாள் இரண்டு தாள்; பழைய வைத்தியம், இன்னும் வேலை செய்கிறது. முதுமலைக் காட்டுச் சாலையில் தின்ற உறையைப் போடவும் வேண்டாம், படம் எடுக்க நிற்கவும் வேண்டாம். யானை அறிவிப்போடு வராது.

ரயிலிலோ பஸ்ஸிலோ சைக்கிளை அனுப்பும்போது வளைவது ஹேங்கர், அதாவது டிரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு. வளைந்த ஹேங்கர் ஊரில் தெரியாது. கல்லட்டியில் கடைசிப் பல்லுக்குத் தட்டும் நொடியில் டிரெய்லர் ஆரைக்குள் போய் முறிந்து வண்டி அங்கேயே நிற்கும். உங்கள் ஃபிரேமுக்குரிய ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும், பொதுவான அளவு என்று ஒன்று கிடையாது. பெட்டியில் வைக்கும் முன் டிரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டுங்கள். ஹைட்ராலிக் பிரேக் என்றால் சக்கரம் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு செருக வேண்டும். வழியில் யாராவது லிவரை அழுத்திவிட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், கழற்ற வலப்புறம் திருக வேண்டும். மாட்டியபின் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து 34-க்குத் தட்டிவிட்டு, டிரெய்லரைக் கையால் ஆரைப் பக்கம் தள்ளிப் பாருங்கள். ஆரையைத் தொட்டால், டிரெய்லர் உள்பக்கம் போகும் எல்லையைக் கட்டும் எல் ஸ்க்ரூவைக் கால் திருப்பு உள்ளே திருகிவிட்டு, அப்புறம் மலையைப் பாருங்கள்.