பழைய ஸ்டீரியோ ஆம்ப்: கண்டன்சர் எல்லாவற்றையும் மாற்றுவதா, பழுதைத் தேடுவதா?

1970களில் வந்த ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), இடது பக்கம் மட்டும் கரகரவென்று இரைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியைக் கழற்றினால் இரண்டு வழி. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலெக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் அத்தனையையும் கழற்றிப் புதிதாகப் போடுவது ஒன்று. மீட்டரைக் கையில் எடுத்து, பழுது எங்கே என்று அளந்து கண்டுபிடிப்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

முதல் வழியிலும் நியாயம் உண்டு. இத்தனை வருடத்தில் கண்டன்சருக்குள் இருக்கும் திரவம் காய்ந்திருக்கும், உள்தடை ஏறியிருக்கும். பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர் தளர்ந்தால், வால்யூமை அடியோடு குறைத்தாலும் உறுமல் நிற்காது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். தலை வீங்கியதையும் அடியில் கசிந்ததையும் மாற்றியே ஆக வேண்டும்.

கரகரப்பு வேறு விஷயம். வால்யூமைத் திருகிப் பாருங்கள். இரைச்சல் கூடவே ஏறி இறங்கினால் பழுது வால்யூமுக்கு முன்னால். அசையாமல் நின்றால் அதற்குப் பின்னால். ஒரு பைசா செலவில்லாமல் பாதி போர்டு கணக்கிலிருந்து போய்விடும். அழுக்கேறிய சுவிட்ச், ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயின் கருத்துப்போன முனை, விரிசல் விட்ட சால்டர், வயதான சிறு டிரான்சிஸ்டர் என்று சந்தேகப்பட நிறைய இருக்கிறது. கண்டன்சர் அந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

ஒருமுறை நான் முதல் வழியில் போனேன். இரண்டு மாலை உட்கார்ந்து நாற்பது கண்டன்சர் மாற்றியும் கரகரப்பு அப்படியே இருந்தது. பிறகுதான் குளிர்விக்கும் ஸ்ப்ரேயை ஒவ்வொரு டிரான்சிஸ்டர் மேலும் அடித்துப் பார்த்தேன். சிக்னல் நுழையும் முதல் கட்டத்தில் இருந்த ஒன்றின் மேல் வெண்பனி படிந்ததும் இரைச்சல் சட்டென்று அடங்கியது. சூடேற ஏறத் திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால் கால்கள் மூன்றும் கன்னங்கரேல்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஸ்டீரியோ ஆம்பில் ஒரே மின்சுற்று இரண்டு தடவை இருக்கிறது. நன்றாக ஓடும் வலது பக்கம்தான் இடது பக்கத்துக்கு வரைபடம். வலதில் ஒரு புள்ளியில் 1.2 வோல்ட், இடதில் அதே புள்ளியில் 9 வோல்ட் என்றால் இடம் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் மாற்றி, நடுவில் ஒரு கண்டன்சரைத் துருவம் மாற்றிப் போட்டுவிட்டால், ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

எந்த வழியில் போனாலும் முதல் மின்சாரம் சீரீஸ் பல்பு வழியாகத்தான், அதாவது ஆம்புக்கு வரும் மின்கம்பியின் நடுவே தொடராக மாட்டிய பல்பு. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்இடி உதவாது. போட்டதும் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். அடுத்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவுட்புட்டில் டிசி (நேர்மின்) வோல்டேஜ் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்டுக்குள் இருந்தால் நிம்மதி. சப்ளை வோல்டேஜ் அப்படியே வந்து நின்றால் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். அந்த நிலையில் கண்டன்சர் வாங்கக் கிளம்புவது வீண். ரிலே 'டக்' என்று விழாத ஆம்ப் என்றால் ரிலேவுக்கு முன்னால் அளக்க வேண்டும்.

பழுது தீர்ந்த பிறகு கண்டன்சர்களை மாற்றுங்கள், நானும் மாற்றுவேன். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், ஒவ்வொரு தடவையும் பல்பு வழியாக. பயாஸ் டிரிம்பாட்டையும் விட்டுவிடாதீர்கள், அவுட்புட் டிரான்சிஸ்டரில் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை (பயாஸ்) திருகி அமைக்கும் சின்னத் தடை அது. அதன் முனை தொடர்பு விட்டால் சில வகை மின்சுற்றுகளில் பயாஸ் எகிறி அவுட்புட் டிரான்சிஸ்டரே எரிந்துவிடும்.

அந்தக் கருத்த கால் டிரான்சிஸ்டருக்குப் பதில் போடும்போது கால் வரிசையைப் பாருங்கள். பழைய ஜப்பான் டிரான்சிஸ்டர் பலவற்றில் நடுக்கால் கலெக்டர், மாற்றாகப் போடும் பிசி547 டிரான்சிஸ்டரில் நடுக்கால் பேஸ்.